படைக்கலப் பந்தி

போர் என்றவுடன் நம் மனக்கண்முன் விரிவது போர்க்களமே. வாளேந்திய வீரனையும் வாகை சூடிய வேந்தனையும் பாடிப் பழகிய மரபு நம்முடையது. ஆயினும், அரசுக்கு வேண்டிய உறுப்புகள் ஆறு என வகுத்த திருவள்ளுவர் படையோடு நின்றுவிடவில்லை. கூழையும் நட்பையும் அதே வரிசையில் வைத்து எண்ணினார். படைக்குப் பின்னே பண்டம் வேண்டும். பண்டம் போதாதபோது கைகொடுக்கும் நண்பன் வேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பதை இரண்டாம் உலகப் போர் தெளிவாக உணர்த்தியது.

அப்போரின் களங்களைப் பற்றிய நூல்கள் பல உள. ஆனால், எத்தனை விமானங்களைக் கட்டுவது, அவற்றுக்கு வேண்டிய எஃகும் செம்பும் எங்கிருந்து வரும், கட்டி முடித்தவற்றை எந்த நாட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவுசெய்த அறைகளின் வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அந்த அறைகளில் குண்டு வெடிக்கவில்லை, குருதி சிந்தவில்லை. எனினும் அங்கே எழுதப்பட்ட ஒவ்வோர் எண்ணும் எங்கோ சில மனிதரின் வாழ்வையும் சாவையும் தொட்டது. ஆகவே அவ்வரலாறு சிந்திக்கத் தக்கது.

அண்டை வீட்டுத் தீ

1940-ஆம் ஆண்டு கோடையில் ஜெர்மானியப் படை பிரான்சை வீழ்த்தியது. டன்கர்க் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3,38,000 நேச நாட்டு வீரர்கள் கப்பலேறித் தப்பினர். உயிர்கள் மீண்டன, படைக்கலங்கள் மீளவில்லை. பிரிட்டானியப் படை ஏறத்தாழ 2,400 பீரங்கிகளையும் 60,000-க்கு மேற்பட்ட ஊர்திகளையும் பிரெஞ்சு மண்ணிலேயே விட்டு வந்திருந்தது. பகைவன் கால்வாய்க்கு அப்பால் நிற்க, இங்கிலாந்தைக் காக்க வேண்டியவர்கள் ஏறக்குறைய வெறுங்கையராய் நின்றனர்.

அமெரிக்கா அன்று போரில் இறங்கவில்லை. அந்நாட்டின் நடுநிலைச் சட்டம் 1939 நவம்பரில் திருத்தப்பட்டபின், போரிடும் நாடுகள் அங்கே படைக்கலம் வாங்கலாம். ஆனால் ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டும், தம் கப்பலிலேயே ஏற்றிச் செல்ல வேண்டும். 1940 ஜூனில், முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து கிடங்குகளில் கிடந்த ஏறத்தாழ 5 லட்சம் துப்பாக்கிகளும் 900 பீரங்கிகளும் இம்முறையில் பிரிட்டனுக்குச் சென்றன. அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டனின் டாலர் கையிருப்பு வற்றத் தொடங்கியது. கையில் காசில்லாத நண்பனுக்கு என்ன செய்வது?

1940 டிசம்பர் 17-ஆம் நாள் செய்தியாளரிடம் பேசிய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஓர் எளிய உவமையால் இதற்கு விடையிறுத்தார். அண்டை வீடு பற்றி எரிகிறது. நம்மிடம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய் இருக்கிறது. முதலில் விலையைக் கொடு என்று நாம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. தீ அணைந்தபின் குழாய் திரும்பி வந்தால் போதும் என்பதே அதன் கருத்து. இதனை ஏற்காதாரும் இருந்தனர். போர்க்கருவியைக் கடனாகக் கொடுப்பது சூயிங்கம்மைக் கடனாகக் கொடுப்பது போன்றது, மென்று முடித்ததைத் திரும்ப வாங்க யாரும் விரும்பார் என்று செனட்டர் ராபர்ட் டாஃப்ட் எள்ளினார். எனினும் 1941 மார்ச் 11-ஆம் நாள் கடன்-குத்தகைச் சட்டம் கையொப்பமாயிற்று. எந்த நாட்டின் பாதுகாப்பு அமெரிக்காவின் பாதுகாப்புக்கு இன்றியமையாததெனக் குடியரசுத் தலைவர் கருதுகிறாரோ, அந்த நாட்டுக்குப் படைக்கலங்களை விற்கவோ, இரவலாகவோ குத்தகையாகவோ கொடுக்கவோ அச்சட்டம் இடந்தந்தது. முதல் ஒதுக்கீடு 700 கோடி டாலர். போர் முடியும்போது மொத்தம் ஏறத்தாழ 5,000 கோடி டாலரை எட்டியிருந்தது. அதில் பாதிக்கும் மேல் பிரிட்டனுக்கும் அதன் பேரரசு நாடுகளுக்கும் சென்றது.

இதனை வெறும் ஈகை என்று கொள்வது பிழை. தன் வீட்டுக்குத் தீ பரவாதிருக்க வேண்டும் என்னும் அக்கறை அதில் வெளிப்படையாகவே இருந்தது. ஆயினும், விலை பேசும் உறவு அங்கே பங்கிடும் உறவாக மாறியது என்பதும் மெய்யே. பங்கிடுதல் தொடங்கியவுடன் இரு வினாக்கள் எழுந்தன. பங்கிடுவதற்கு எவ்வளவு உண்டு? பங்கு யாருக்கு?

கனவும் கணக்கும்

முதல் வினாவுக்கு விடைகாண 1941 ஜூலை 9-ஆம் நாள் ரூஸ்வெல்ட் தம் படைத்துறை, கடற்படைத்துறைச் செயலர்களுக்குக் கடிதம் எழுதினார். பகைவராகக் கூடியவரை வெல்வதற்கு மொத்தம் எவ்வளவு உற்பத்தி வேண்டும் என்று கேட்டார். படைத்துறையில் அப்பணி ஆல்பர்ட் வெடிமையர் என்னும் இளநிலை அதிகாரியின் மேசைக்கு வந்தது. நாட்டின் குறிக்கோள் யாது, அதனை எய்தும் போர்முறை யாது, அதற்கு எத்தனை வீரர், அவ்வீரருக்கு எவ்வளவு கருவி என்று அவர் படிப்படியாகக் கணக்கிட்டார். ஏறத்தாழ 87 லட்சம் வீரரும் 215 டிவிஷன்களும் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. இறுதியில் அமெரிக்கா திரட்டியவையோ 90 டிவிஷன்கள் அளவே. இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

அதே ஆண்டில் ஸ்டேசி மே என்னும் புள்ளியியலாளர் இலண்டனுக்குச் சென்று வேறொரு பணியை மேற்கொண்டார். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளின் இருப்பையும் உற்பத்தியையும் தேவையையும் ஒரே ஏட்டில் அருகருகே எழுதினார். அதுவரை ஒவ்வொரு நாடும் தன் கணக்கைத் தானே அறிந்திருந்தது. மூன்றுக்கும் பொதுவான குறை எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாது. இம்முயற்சியை இடைவிடாது வலியுறுத்தியவர் ழான் மோனே. தாய்நாடான பிரான்சு வீழ்ந்தபின் வாஷிங்டனில் பிரிட்டனுக்காக உழைத்த இவரே, பின்னாளில் ஐரோப்பிய ஒற்றுமைக்கு வித்திட்டவருள் முதல்வராக மதிக்கப்பட்டார். குறையை அனைவரும் ஒரே தாளில் காணும்போது வாதம் அடங்கி வேலை தொடங்கும் என்பது அவர் நம்பிக்கை.

1941 டிசம்பர் 7-ஆம் நாள் முத்துத் துறைமுகம் தாக்கப்பட்டது. ஒரு மாதம் கழித்து, 1942 ஜனவரி 6-ஆம் நாள், ரூஸ்வெல்ட் தம் இலக்கை அறிவித்தார். 1942-இல் 60,000 விமானங்கள், 45,000 டாங்கிகள். 1943-இல் 1,25,000 விமானங்கள், 75,000 டாங்கிகள். 1939-இல் அமெரிக்கா படைக்கெனக் கட்டிய விமானங்கள் ஏறத்தாழ 2,000 மட்டுமே என்பதை எண்ணினால் இவ்விலக்கின் பெருமை விளங்கும். உறங்கிய நாட்டைத் தட்டியெழுப்ப அத்தகைய எண்கள் தேவைப்பட்டன. ஆனால் கனவைக் கட்டளையாக மாற்றியபோது இடர் வந்தது.

போர் உற்பத்தி வாரியத்தில் பணியாற்றிய சைமன் குஸ்னெட்ஸ், ராபர்ட் நேதன் ஆகிய பொருளியலாளர்கள் 1942-இல் ஒரு கசப்பான உண்மையை எடுத்துரைத்தனர். படைத்துறை கேட்பதை நிறைவேற்றும் அளவுக்கு நாட்டில் எஃகும் செம்பும் ஆள்வலிமையும் இல்லை. அளவுமீறித் திட்டமிட்டால் குறைவாகவன்றோ கிடைக்கும் என்பதே அவர்கள் வாதம். எங்ஙனம்? புதிய ஆலைகள் பல ஒருங்கே தொடங்கப்படுகின்றன. அவை பாதியில் நின்று எஃகை விழுங்குகின்றன. அந்த எஃகு கிடையாமல் ஏற்கெனவே இயங்கும் ஆலைகளும் நிற்கின்றன. டாங்கிக்கு உடல் உண்டு, எஞ்சின் இல்லை. பீரங்கிக்குக் குழல் உண்டு, குண்டு இல்லை என்னும் நிலை உண்டாகும்.

படைத்துறையின் வழங்கற் பிரிவுத் தலைவர் ஜெனரல் சாமர்வெல் வெகுண்டார். அவ்வறிக்கை சிந்திப்போர் கண்ணில் படாமல் மறைக்கத் தக்கது என்று எழுதினார். அக்டோபர் மாதம் வரை வாதம் நீடித்தது. முடிவில் கணக்கே வென்றது. 1943-ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,300 கோடி டாலராக இருந்த திட்டத்தை முப்படைத் தலைவர்கள் 8,000 கோடியாகக் குறைத்தனர். எஃகு, செம்பு, அலுமினியம் ஆகிய மூன்று உலோகங்களையும் அளந்து வழங்கும் முறையும் அதன்பின் நடைமுறைக்கு வந்தது. மூன்று உலோகங்களைக் கட்டுப்படுத்தினால் ஏனைய அனைத்தும் கட்டுக்குள் வரும் என்பதே அதன் நுட்பம்.

பயன் என்ன? 1942-இல் ஏறத்தாழ 47,800 விமானங்கள், 1943-இல் 85,900, 1944-இல் 96,300. டாங்கிகளின் இலக்கு வெகுவாகக் குறைக்கப்பட்டது. 1942-இல் கட்டப்பட்டவை ஏறத்தாழ 25,000. அவ்வாறு மிஞ்சிய எஃகு கப்பல்களுக்குச் சென்றது. ஏனெனில் கடலைக் கடக்க இயலாத டாங்கி எந்த நண்பனுக்கும் உதவாது. தன் அளவை அறிந்தவனே மிகுதியாகச் செய்தான் என்பது இதன் பாடம். குஸ்னெட்ஸுக்கு 1971-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வேறு ஆய்வுகளுக்காக வழங்கப்பட்டது. எனினும் அந்த 1942-ஆம் ஆண்டு அறிக்கையும் சிறிய தொண்டன்று.

பரிமாறும் கை

இனி இரண்டாம் வினா: பங்கு யாருக்கு? 1942 ஜனவரியில் வாஷிங்டனில் கூடிய ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் படைக்கலப் பங்கீட்டு வாரியத்தை அமைத்தனர். வாஷிங்டனில் ஒரு கிளை, இலண்டனில் ஒரு கிளை. ஆலையிலிருந்து வெளிவரும் கருவிகள் எந்த நாட்டவை என்று பாராமல் பொதுக் குவியலாகக் கொள்ளப்படும்; போரின் தேவைக்கேற்பப் பகிரப்படும். வாஷிங்டன் வாரியத்துக்கு ஹாரி ஹாப்கின்ஸ் தலைவரானார். இவ்வாரியம் கூட்டுப் படைத்தலைவர்களின் கீழ் இயங்க வேண்டும், அவர்களுக்கு மேலாக இயங்குமாயின் தாம் பொறுப்பேற்க இயலாது என்று ஜெனரல் மார்ஷல் உறுதியாக நின்றார். கருவியைப் பகிர்வோரும் போரை நடத்துவோரும் இருவேறு மனத்தினராய் இருத்தல் கூடாது என்பது அவர் கருத்து. ஹாப்கின்ஸ் அதனை ஆதரித்தார், அவ்வாறே முடிவாயிற்று.

இம்முறையின் உயர்ந்த நேரம் 1942 ஜூன் 21 எனலாம். வட ஆப்பிரிக்காவில் டோப்ரூக் கோட்டை வீழ்ந்த செய்தி வந்தபோது சர்ச்சில் வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட்டுடன் இருந்தார். நாங்கள் என்ன உதவி செய்யலாம் என்பதே ரூஸ்வெல்ட்டின் முதற்சொல். 300 ஷெர்மன் டாங்கிகளும், 100 தானியங்கு பீரங்கிகளும் எகிப்துக்கு அனுப்பப்பட்டன. அந்த டாங்கிகள் அப்போதுதான் அமெரிக்க வீரரின் கைக்கு வந்துகொண்டிருந்தவை. தம் வீரரிடமிருந்து வாங்கி நண்பனுக்குக் கொடுப்பது எந்தத் தளபதிக்கும் எளிதன்று. அவ்வாண்டு அக்டோபர் 23-ஆம் நாள் எல் அலமெய்னில் தொடங்கிய பெரும்போரில் அவை பங்கேற்றன.

மனச்சான்றின் கேள்வி

ஆனால் உதவிக்குத் தகுதியான நண்பன் யார் என்னும் வினா எப்போதும் இவ்வளவு எளிதாய் இருக்கவில்லை. 1941 ஜூன் 22-ஆம் நாள் ஹிட்லர் சோவியத் யூனியனைத் தாக்கினார். அன்றே ஸ்டாலினின் நாடு பிரிட்டனுக்குத் துணையாயிற்று. அந்நாட்டுக்குப் படைக்கலம் கொடுக்கலாமா?

அமெரிக்கக் கத்தோலிக்கர் பலருக்கு இது அரசியல் வினாவாக மட்டும் தோன்றவில்லை. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1937 மார்ச் 19-ஆம் நாள் வெளியிட்ட சுற்றுமடல், கடவுள் மறுப்புப் பொதுவுடைமையோடு எவ்வகையிலும் ஒத்துழைத்தல் ஆகாது எனக் கற்பித்திருந்தது. ஆலயங்களை மூடிய, குருக்களைச் சிறைப்படுத்திய அரசுக்குத் துப்பாக்கி கொடுப்பது ஒத்துழைப்பு ஆகாதா? இவ்வையத்தைப் புறந்தள்ள இயலாது என்பதை ரூஸ்வெல்ட் அறிந்திருந்தார். 1941 செப்டம்பரில் தம் தனித்தூதர் மைரன் டெய்லர் வழியாகப் பன்னிரண்டாம் பத்திநாதருக்குக் கடிதம் அனுப்பினார்.

வத்திக்கான் வெளிப்படையாக எதுவும் அறிவிக்கவில்லை. ஆனால் வாஷிங்டனிலிருந்த திருத்தூதுப் பேராளர் சிக்கோஞ்ஞானி வழியாக ஒரு விளக்கம் ஆயர்களைச் சென்றடைந்தது. சின்சினாட்டிப் பேராயர் மக்னிக்கலஸ் தம் மேய்ப்புப்பணி மடலில் அதனை மக்களுக்கு எடுத்துரைத்தார். சுற்றுமடல் கண்டித்தது ஒரு கொள்கையை. தாக்குண்ட தம் மண்ணைக் காக்கும் உருசிய மக்களுக்கு உதவுவதை அது தடை செய்யவில்லை என்பதே அதன் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் சோவியத் நாட்டை உதவியிலிருந்து விலக்கும் திருத்தம் அமெரிக்கப் பேரவையில் தோற்றது. நவம்பர் 7-ஆம் நாள் அந்நாடு கடன்-குத்தகைக்கு உரியதென அறிவிக்கப்பட்டது.

மக்கள் வேறு, அவர்களை ஆளும் அமைப்பு வேறு என்னும் இவ்வேறுபாடு அறநெறியாளர் நன்கறிந்ததே. எனினும் அது ஐயத்தை முற்றாகப் போக்கிவிடவில்லை. மக்களுக்கென்று கொடுத்த துப்பாக்கியை அரசே ஏந்தியது. போருக்குப் பின் கிழக்கு ஐரோப்பா அடைந்த நிலையைக் கண்டவர்கள் அன்றைய முடிவை மீண்டும் எண்ணிப் பார்த்தனர். ஆனால் கொடாதிருந்தால் ஹிட்லர் எங்கு நின்றிருப்பார் என்பதையும் உடன் எண்ண வேண்டும். தூய கரங்களோடு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அக்காலம் எவருக்கும் தரவில்லை.

சோவியத் நாட்டுக்குச் சென்றவை 1,100 கோடி டாலருக்கு மேற்பட்டவை: 4 லட்சத்துக்கு மேற்பட்ட லாரிகளும் ஜீப்புகளும், 14,000-க்கு மேற்பட்ட விமானங்கள், ஏறத்தாழ 1,900 இரயில் எஞ்சின்கள், 40 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட உணவு. அவை சென்ற வழியும் எளிதன்று. 1942 ஜூன் இறுதியில் ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்ட பி.க்யூ. 17 என்னும் கப்பல் அணியின் 35 வணிகக் கப்பல்களுள் 24 அழிந்தன. ஏறத்தாழ 430 டாங்கிகளும் 210 விமானங்களும் ஆர்க்டிக் கடலில் அமிழ்ந்தன.

அமெரிக்காவுக்கு 215 டிவிஷன்கள் தேவைப்படாமற் போனதன் பெருங்காரணம் இங்கேதான் இருக்கிறது. ஜெர்மானியப் படையின் பெரும்பகுதியைச் சோவியத் வீரரே தடுத்து நின்றனர். அந்நாடு இழந்த உயிர்கள் 2 கோடிக்கும் மேல். ஒரு நாடு கருவியைக் கொடுத்தது. மற்றொரு நாடு தன் மைந்தரைக் கொடுத்தது. டாலரில் எழுதப்பட்ட கணக்கேட்டில் இந்த இரண்டாம் கொடைக்குப் பத்தி ஒதுக்கப்படவில்லை.

இலை போடாத இடம்

நம் ஊர்ப் பந்திகளில் சோறும் குழம்பும் நிறைய இருக்கும்போதும் ஒரு குற்றம் நிகழ்வதுண்டு. வேண்டியவருக்கு ஒருவிதமாகவும் மற்றவருக்கு வேறுவிதமாகவும் பரிமாறுவதை நாம் பந்தி வஞ்சனை என்கிறோம். பெரும்போரின் பங்கீட்டிலும் இக்கறை இருந்தது.

பங்கீட்டு வாரியத்தில் அமர்ந்தவர்கள் அமெரிக்கரும் பிரிட்டானியருமே. 1937 முதல் ஜப்பானை எதிர்த்து நின்ற சீனா அதில் இடம் கேட்டது, கிடைக்கவில்லை. 1942-இல் பர்மா வீழ்ந்து தரைவழி அடைபட்டபின், அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கிழக்கு மலைத்தொடரைத் தாண்டிப் பறந்த விமானங்களே அதற்கு வாழ்வாயின. மொத்த உதவியில் சீனாவின் பங்கு 160 கோடி டாலர் அளவே.

இந்தியாவின் நிலை இதனினும் வேறானது. நம் நாடு அப்போருக்கு 25 லட்சம் வீரரைத் தந்தது. சூயசுக்குக் கிழக்கே இருந்த பேரரசு நாடுகளின் போர் உற்பத்தியை ஒருங்கிணைக்கும் அவை டெல்லியிலேயே இயங்கியது. நீலகிரியின் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையும் போருக்காக உழைத்தது. நாம் கொடுத்தவற்றுக்காகப் பிரிட்டன் நமக்குப் பட்ட கடன் போரின் முடிவில் 100 கோடி பவுனைத் தாண்டியிருந்தது. கொடுத்தவர் வரிசையில் நாம் இருந்தோம். முடிவுசெய்தவர் வரிசையில் இல்லை.

அதன் விலையை வங்காளம் செலுத்தியது. 1942-இல் பர்மிய அரிசி நின்றது. ஜப்பானியர் கைக்குப் போகலாகாதென்று கரையோரப் படகுகள் பறிக்கப்பட்டன. அக்டோபரில் புயல் வீசியது. போர்ச் செலவால் விலைகள் ஏழையின் கைக்கு எட்டாமல் உயர்ந்தன. அந்நிலையில், 1943 ஜனவரியில், பிரிட்டனின் இறக்குமதியைக் காக்கும்பொருட்டு இந்தியப் பெருங்கடலில் இயங்கிய கப்பல்களின் எண்ணிக்கையைச் சர்ச்சில் பாதிக்கும் கீழாகக் குறைத்தார். தானியம் கேட்டு டெல்லியிலிருந்து சென்ற வேண்டுகோள்களுக்கு இலண்டன் அமைச்சரவை கேட்டதில் ஒரு பகுதியையே தர இசைந்தது. மடிந்தோர் 30 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. 1944 ஏப்ரல் இறுதியில் சர்ச்சிலே ஆஸ்திரேலியக் கோதுமையைக் கொண்டுவர அமெரிக்கக் கப்பல்களைக் கேட்டு ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். ஜூன் 1-ஆம் நாள் வந்த விடை, படைத்தேவையின் காரணமாக இயலாது என்பதே. நார்மண்டித் தரையிறக்கத்துக்கு அப்போது ஐந்து நாள்களே இருந்தன.

இம்முடிவுகளை எடுத்தவர்கள் அனைவரும் கொடியவர் என்று சொல்லிவிட்டால் நம் சிந்தனை அத்துடன் முடிந்துவிடும். டோப்ரூக் செய்தி கேட்டு அந்நேரமே டாங்கிகளைக் கொடுத்தவரும், வங்காளத்துக்குக் கப்பல் இல்லை என்றவரும் ஒருவரே. முதல் நாளில் துயருற்றவர் அவர் எதிரே அமர்ந்திருந்தார். இரண்டாம் நாளில் துயருற்றவர் எண்ணாக மட்டுமே வந்தார். வேறுபாடு இதுவே.

எஞ்சும் கணக்கு

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தவுடன் கடன்-குத்தகை உதவி நிறுத்தப்பட்டது. பிரிட்டன் அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் பெற்று, அதன் இறுதித் தவணையை 2006-ஆம் ஆண்டு இறுதியில் செலுத்தியது. கடன்-குத்தகை என்னும் பெயரும் மறையவில்லை. உக்ரைனுக்காக அதே பெயரில் ஒரு சட்டம் 2022 மே 9-ஆம் நாள் வாஷிங்டனில் கையொப்பமாயிற்று. உதவி வேறு சட்டங்களின் வழியே சென்றதால், அது ஒருமுறையும் பயன்படாமல் 2023 செப்டம்பரில் காலாவதியாயிற்று. பண்டம் எவ்வளவு உண்டு, யாருக்கு முதற்பங்கு என்னும் அவ்விரு வினாக்கள் மட்டும் காலாவதியாகவில்லை.

ஸ்டேசி மேயின் ஏடு ஒரு நல்ல ஏடு. குஸ்னெட்ஸின் கணக்கு நேர்மையான கணக்கு. அவையின்றி ஹிட்லரை வென்றிருத்தல் அரிது. உணர்ச்சியால் மட்டும் எவரையும் காக்க இயலாது. அளந்து பகிரவும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் அளப்பவர் எத்துணை நேர்மையாளராயினும், ஏட்டில் பெயரில்லாதவனின் பசியை அந்த ஏடு காட்டாது. அரசுகள் வகுக்கும் திட்டமாயினும், ஊர்ச்சங்கம் நடத்தும் நிவாரணமாயினும், கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டறிதல் நம் கடன். இந்தப் பட்டியலில் யாருடைய பெயர் எழுதப்படவில்லை? 1943-இல் வங்காளத்துக்காக அதனைக் கேட்டவர்கள் இருந்தனர். முடிவுசெய்யும் அறையில் அவர்கள் குரல் ஓங்கவில்லை.